ஊசி ஏறும் முன்பே மறதி: நோயா, பயமா?

6 பிப்ரவரி 2025, இரவு 8.40 – கேள்வி

எங்கள் அக்காவுக்கு 46 வயது. மார்பில் கட்டி, புற்றுநோய்தான் என்று மூன்று வாரத்துக்கு முன் சொன்னார்கள். ஆப்பரேஷன் இன்னும் ஆகவில்லை. கீமோ ஒரு சொட்டுகூட ஏறவில்லை. ஆனால் ஆள் இப்போதே வேறு மாதிரி ஆகிவிட்டாள். நேற்று தண்ணீர் ஊற்றாமல் சோற்றுப் பானையின் சுவிட்சைத் தட்டிவிட்டாள். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறாள். கீமோவுக்குப் பிறகுதான் மறதி வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். முன்னாடியே வருமா? அத்தான் "பயத்துல நடிக்கிறா" என்கிறார்.

6 பிப்ரவரி, இரவு 10.15 – பதில்

வரும். எனக்கு வந்தது. இதை அப்படியே உன் அத்தானிடம் காட்டு.

நானும் மலேசியாவில் சுங்கை சிப்புட்தான். 17 வயதில் ரப்பர் தோட்ட ஆபீசில் எடுபிடியாகச் சேர்ந்தேன். ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் கிராணிக்குப் (கணக்கு எழுதுகிறவருக்கு) பக்கத்தில் நின்று எடை எழுதுவது என் வேலை. 38 பேர் பால் வெட்டுகிறார்கள் என்றால் 38 பேரின் மர நிரை நம்பரும், நேற்று யார் எத்தனை கிலோ என்பதும் தலையில் இருக்கும். "புள்ள, என் எடை நேத்து என்ன?" என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்ட மாட்டேன். மரத்தை எல்லாம் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட பிறகு டவுனுக்கு வந்து, வீட்டுக்காரரோடு மளிகைக் கடை. இப்போதும் கால்குலேட்டர் என் பக்கம் கிடையாது.

2022 செப்டம்பர் 19 அன்று எனக்கும் புற்றுநோய் என்று சொன்னார்கள். நவம்பர் 2 ஆப்பரேஷன். நடுவில் ஆறு வாரம். அதில் ஒரு நாள் ஒரு பெரியவர் 3 வெள்ளி (ரிங்கிட்) 70 காசுக்கு மீனும் வெங்காயமும் வாங்கிவிட்டுப் பத்து வெள்ளி நோட்டை நீட்டினார். பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டேன். மீதி எவ்வளவு என்று வரவில்லை. கை டின்னுக்குள் இருக்கிறது, காசு விரலில் படுகிறது, கணக்கு மட்டும் வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு "ஆறு முப்பதும்மா" என்றார். அவர் என் கண்ணைப் பார்க்காமல் சொன்ன அந்த விதம்தான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

நடிப்பாம். கடையில் காசு தப்பாகக் கொடுத்து யார் நடிப்பார்கள்?

6 பிப்ரவரி, இரவு 10.22

மீன் இல்லை, நெத்திலிக் கருவாடு. எங்கள் கடையில் மீன் விற்பதில்லை. அத்தானிடம் காட்டும்போது இந்த வரியை மறைத்துக்கொள்.

7 பிப்ரவரி, காலை

இரவெல்லாம் இதே யோசனை. தெரிந்ததைச் சொல்கிறேன். 2023இல் கீமோ முடிந்த பிறகு மகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

கீமோவுக்குப் பிறகு மூளை மந்தமாகிறது என்று நோயாளிகள் ரொம்ப காலமாகச் சொல்லி வந்தார்கள். அதை அளக்கப் போனவர்களுக்கு ஒரு சிக்கல். முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே இப்போது எவ்வளவு குறைந்தது என்று சொல்லலாம்? அதனால் மருந்து ஏறும் முன்பே சோதனை வைத்தார்கள். சொல் பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் வரிசையாகக் கோடு போட்டு இணைப்பது, இப்படி. அங்கேதான் பிடிபட்டது. 2004இல் ஹூஸ்டனில் மார்புப் புற்றுநோய் வந்த 84 பெண்களைப் பார்த்ததில், மருந்து தொடங்கும் முன்பே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒன்றில் தடுமாற்றம். 2008இல் ஆலெஸ் என்பவரின் குழு அமெரிக்காவில் செய்ததில், 1 முதல் 3ஆம் கட்டம் வரை இருந்தவர்களில் 22 சதவீதம் பேர் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே. நோயில்லாத பெண்களில் அது 4 சதவீதம்.

ஆக, ஐந்தில் ஒருவர் என்று வைத்தாலும் கம்மி இல்லை. மற்ற நாலு பேருக்கு வராது என்பதையும் சேர்த்துப் படி. எல்லாருக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை.

7 பிப்ரவரி, மதியம்

காலையில் எழுதியதில் ஒரு ஓட்டை. அந்த 2008 ஆய்வில் "முன்பு" என்றால் கீமோவுக்கு முன்பு. ஆப்பரேஷனுக்கு முன்பு இல்லை. பல பேருக்குக் கத்தி வைத்தாகிவிட்டது, மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. ஆப்பரேஷனுக்கும் தடுமாற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்று அவர்களே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் உன் அக்கா நிலைமையும் அவர்கள் நிலைமையும் ஒன்றல்ல.

மிச்சிகனில் சிம்பிரிச் என்ற நர்சிங் பேராசிரியர் ஆப்பரேஷனுக்கும் முன்னாலேயே போய்ச் சோதித்தவர். அவர் வேலை மறதியைப் பற்றி இல்லை, கவனத்தைப் பற்றி. எனக்கு அதுதான் சரியாகப் பொருந்துகிறது. நான் மறக்கவில்லை. உள்ளேயே போகவில்லை. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு சாய்ந்திருந்தால் மரம் எவ்வளவு பால் விட்டு என்ன, எல்லாம் மண்ணில்தான். மாலையில் வந்து மங்கைப் பார்த்துவிட்டு மரத்தைத் திட்டுவார்கள்.

7 பிப்ரவரி, இரவு

அடியில் ஒரு தம்பி "எல்லாம் பயம்தான் அக்கா, பெரிசாக்காதீங்க" என்று போட்டிருக்கிறார்.

தம்பி சொல்வதை முழுசாகத் தள்ள முடியாது. 2015இல் ஜெர்மனியில் ஹெர்மெலிங்க் குழு 166 பேரைச் சிகிச்சைக்கு முன் பார்த்தது. நோய் என்று கேட்ட அதிர்ச்சி, விபத்தில் மாட்டியவர்களுக்கு வருவது மாதிரியான அதிர்ச்சி, அதுதான் பிழைகளுக்குப் பின்னால் நிற்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஆலெஸ் குழுவோ மனச்சோர்வு, பதற்றம், களைப்பு எதோடும் ஒட்டவில்லை என்றது. இன்னொன்றும் அவர்கள் கணக்கில் உண்டு. 0 கட்டம் என்று சொல்லப்படுகிற, பரவாத நிலையில் இருந்த பெண்களில் ஒருவர்கூட அந்தக் கீழ்மட்டத்தில் விழவில்லை. அவர்களுக்கும் பயம் இல்லாமலா இருந்திருக்கும்?

உடம்பு வழியாகவும் வரலாம். 2005இல் ஹூஸ்டனில் இரத்தப் புற்றுநோய்க்காரர்களைச் சிகிச்சைக்கு முன் சோதித்தபோது, இன்டர்லூக்கின் 6 என்ற அழற்சிப் பொருள் இரத்தத்தில் கூடியவர்களுக்குத் திட்டமிட்டு ஒரு வேலையைச் செய்யும் திறன் குறைந்திருந்தது. காய்ச்சல் நேரத்தில் புத்தி மந்தமாகிறதே, அது மாதிரி. ஆனால் காய்ச்சல் இருக்காது.

சண்டை முடியவில்லை, தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன். பயத்தால் வந்தால் அது வந்ததில்லையா? பயத்தால் இரத்த அழுத்தம் ஏறினால் மாத்திரை கொடுப்பதில்லையா?

10 பிப்ரவரி

நாளைக்குத் தைப்பூசம். ஈப்போ கல்லுமலைக்கு வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். நான் கடையில். கூட்டத்தில் நின்றால் இப்போதும் தலை கிர்ரென்கிறது.

சும்மா இருந்ததால் பழைய 555 புத்தகங்களை எடுத்தேன். தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு: கையடக்கக் கடன் நோட்டு, அட்டையில் 555 என்று போட்டிருக்கும், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. சம்பளம் வந்தால் தீர்ப்பார்கள், இல்லாவிட்டால் புத்தகம் தடிக்கும். எங்கள் கடையில் எழுதுவது நான் மட்டும்தான். தப்பாக எழுதினால் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் திருத்துவேன், அழிப்பது கிடையாது. கிராணி கற்றுக்கொடுத்த பழக்கம். அழித்தால் ஆள் சந்தேகப்படும் என்பார்.

அடித்த கோடுகளை எண்ணினேன். 2022 மே: 3. ஜூன்: 2. ஜூலை: 11. ஆகஸ்ட்: 6. செப்டம்பர் 17, அக்டோபர் 23.

ஜூலையைப் பார்! எனக்குச் சொன்னது செப்டம்பரில். ஜூலையில் எனக்குக் கட்டியே கைக்குப் படவில்லை. அப்புறம் பயம் எங்கிருந்து வந்தது? பயம் இல்லை, நோய்தான். எனக்கு முன்பே என் கைக்குத் தெரிந்திருக்கிறது. படித்து முடித்ததும் முதுகில் சில்லென்றது.

12 பிப்ரவரி

முந்தாநாள் எழுதியதில் ஜூலையைப் பற்றிச் சொன்னதை யாரும் நம்பாதீர்கள்.

வீட்டுக்காரர் கோயிலிலிருந்து வந்து படித்துவிட்டுச் சிரித்தார். "ஜூலையில எண்ணெய் விலை ஏறுனது மறந்துபோச்சா?" நிஜம். 2022 ஜூலை 1 அன்று போத்தல் எண்ணெய்க்கான மானியத்தை நிறுத்தினார்கள். 2 கிலோ, 3 கிலோ, 5 கிலோ எல்லாம் ஒரே நாளில் விலை மாறியது. பாக்கெட் எண்ணெய் மட்டும் 2 வெள்ளி 50 காசிலேயே நின்றது. அதே நாளில் கோழியின் உச்ச விலையையும் கிலோ 9 வெள்ளி 40 காசாக ஏற்றினார்கள். கோழி நாங்கள் விற்பதில்லை, எண்ணெய் விற்கிறோம். கை பழைய விலையை எழுதியது, நான் அடித்துப் புது விலை போட்டேன். பதினொன்றில் எட்டு, எண்ணெய் வரி. மீதி மூன்று. மே மாதக் கணக்குதான்.

சில்லென்றதெல்லாம் விரயம்.

ஆகஸ்ட் ஆறில் எண்ணெய் ஒன்றுதான். அது கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் ஆகஸ்டில் கட்டி கையில் பட்டுவிட்டது, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டு இரவு தூங்காமல் கிடந்தேன். செப்டம்பர், அக்டோபர் எண்ணிக்கையில் எண்ணெய் எதுவும் இல்லை. அவை அப்படியே நிற்கின்றன.

13 பிப்ரவரி

முதலில் கேள்வி போட்ட தங்கச்சி தனியாகக் கேட்டாள், டாக்டரிடம் என்ன கேட்பது என்று. எல்லாருக்கும் ஆகட்டும் என்று இங்கே போடுகிறேன்.

நான் சொன்னபோது ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "டென்ஷன்மா" என்றார். எந்த இடம் என்பது வேண்டாம். ஆப்பரேஷனுக்கு முன் எடுத்த இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் 9.2. மாதவிடாய் நிற்கப்போகும் காலம், கண்டபடி உதிரம் போய்க்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் பெண் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வேறு என்ன மாத்திரை என்று கேட்டார். இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்க்கு) ஒன்பது வருஷமாக மெட்ஃபார்மின். உடனே பி12 பார்க்கச் சொன்னார். குறைவு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உடம்பில் சரியாக ஏறாது, குறைந்தால் மறதியும் கால் மரத்துப்போவதும் வரும். நம் ஆட்களில் இனிப்பு நீர் இல்லாத வீடு எது? அந்த ஒரு கேள்வியைக் கேட்டவருக்கு நான் இன்னும் கடன்.

இன்னொன்று நானே செய்த கூத்து. தூக்கம் வரவில்லை என்று மஞ்சள் பிரிட்டோன் மாத்திரையை இரவில் இரண்டு இரண்டாகப் போட்டேன். சளிக்குக் கொடுப்பதுதானே, என்ன ஆகும் என்ற நினைப்பு. தூக்கமும் சரியாக வராது, மறுநாள் மத்தியானம் வரை மண்டைக்குள் பஞ்சு.

ஆகவே உன் அக்காவுக்கு: ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், கால்சியம் பார்க்கலாமா என்று கேள். சில புற்றுநோய்களில் கால்சியம் ஏறும், தாகமும் மலச்சிக்கலும் குழப்பமும் சேர்ந்து வரும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போ, கடையில் வாங்கியதையும் சேர்த்து. திடீரென்று ஆள் யார் என்று தெரியாமல் போவது, ஒரு பக்கம் கைகால் இழுப்பது, வாந்தியோடு கடுமையான தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், இதெல்லாம் நான் பேசுகிற மறதி இல்லை. அதற்குக் காத்திருக்காதே, அப்போதே தூக்கிக்கொண்டு ஓடு.

13 பிப்ரவரி, சற்றுப் பிறகு

மறதிக்கு வல்லாரை சாப்பிடலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: பாசாரில் (சந்தையில்) பெகாகா என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, துவையல் அரையுங்கள், யார் தடுத்தது. கேப்சூல் வேறு கதை. ஆப்பரேஷனுக்கு முன் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் விழுங்க வேண்டாம். நான் மூன்று வாரம் வல்லாரைத் துவையல் தின்றேன். சமைத்ததை இரண்டு நாள் மறந்து வெளியே வைத்துக் கெட்டுப்போனது, அவ்வளவுதான் பலன்.

20 பிப்ரவரி

அந்த மைலோ கதையைச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் வார்டில் சேர்த்தார்கள். மிஸ்ஸி (நர்ஸ்) வந்து இரவு 12க்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று மலாயில் சொன்னாள். தலையை ஆட்டினேன். என் மலாய் நல்ல மலாய், ஆபீசில் பேசி வளர்ந்தது. தாளிலும் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்தும் போட்டேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பை மைலோ குடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கும் ஊற்றிக் கொடுத்தேன். நல்ல வேளை, ஆச்சிக்கு அன்று ஆப்பரேஷன் இல்லை.

ஏழு மணிக்கு மிஸ்ஸி கோப்பையைப் பார்த்தாள். மேசைமேல் அந்தத் தாள், அதன்மேல்தான் கோப்பை. தாளில் மைலோ வட்டம். அவள் அந்த வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாள், ஒன்றும் பேசவில்லை. ஆப்பரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. வீட்டுக்காரர் திட்டவில்லை. பிளாஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அதனால் அக்காவோடு ஒருவர் போக வேண்டும். துணைக்கு இல்லை, கேட்பதற்கு. அவள் தலையை ஆட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதே. டாக்டர் சொன்னதை அவள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல், நீ எழுது.

2 மார்ச்

நடக்கச் சொன்னேனே, அதை இன்னும் இங்கே எழுதவில்லை போல. தேடினேன், இல்லை. போனில் சொல்லியிருப்பேன்.

அதே சிம்பிரிச், 2003இல் புதிதாக நோய் தெரிந்த 157 பெண்களை வைத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு வாரம் 120 நிமிடம் மரம் செடி பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நடக்கலாம், தோட்டம் கொத்தலாம், சும்மா உட்காரலாம். ஆப்பரேஷனுக்கு முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை. அப்படி இருந்தவர்களின் கவனம் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியது.

மகள் படித்துக் காட்டியபோது சிரித்தேன். 17 வருஷம் மரத்துக்கு நடுவில் நடந்தவளுக்கு மிச்சிகனிலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள், மரத்தைப் பார் என்று. ஆனால் போனேன். செம்பனைக்குள் இல்லை, அங்கே பாம்பும் முள்ளும்தான். ஆற்றோரம் சிறுதோட்டக்காரர் ஒருவர் இன்னும் ரப்பர் வைத்திருக்கிறார், இலை உதிரும் மாசம் போனால் கால் வைக்கும் இடமெல்லாம் நொறுங்கும். அங்கே நிரைகளை எண்ணுவேன். எண்ண வராத நாளில் எண்ணாமல் உட்கார்ந்திருப்பேன். எதனால் தெளிந்தேன் என்று பிரிக்க முடியாது. இரும்பு மாத்திரையும் பி12 ஊசியும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தன, பிரிட்டோனும் நின்றிருந்தது.

16 மார்ச்

ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "முன்னாடியே வருதுன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்? கட்டிய பாக்குறதா, மறதிய பாக்குறதா?"

கட்டியைத்தான். மறதிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, ஒரு நாள்கூட.

ஆனால் கீமோ எனக்கு 2023 ஜனவரியில் தொடங்கி மே வரை போனது. அந்த வருஷ ஜூன் மாதத் திருத்தம் 21. அக்டோபரில் 23 என்று சொன்னேனே. 555 புத்தகம் இல்லாவிட்டால் அந்த 21ஐயும் கீமோ தலையில் கட்டியிருப்பேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஊசி என் மூளையைத் தின்னுடுச்சு" என்று சொல்லியிருப்பேன். அதைக் கேட்டு யாராவது ஒருத்தி ஊசி வேண்டாம் என்று சாமியாரிடம் போயிருப்பாள். நம் ஊரில் நடக்காததா? கீமோ தன் பங்குக்குச் செய்தது, இல்லை என்று சொல்லவில்லை. சொல் நாக்கு நுனியில் நின்று வராமல் போவது கீமோவில்தான் எனக்கு வந்தது, முன்பு இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிவதே முன்னால் எழுதி வைத்ததால்தான்.

அதனால் அக்காவை இப்போதே எழுதச் சொல். பெரிய டைரி வேண்டாம். இன்று என்ன தடுமாறியது, எத்தனை மணி தூங்கினாள், என்ன மாத்திரை. மூன்று வரி. கீமோ டாக்டரிடம் முதல் நாளே காட்டட்டும்.

29 மார்ச்

தங்கச்சி போன் செய்தாள். பி12 நன்றாக இருக்கிறதாம். தைராய்டு குறைவு, மாத்திரை தொடங்கியாச்சு. ஆப்பரேஷனும் முடிந்தது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதற்குள் ஒன்றும் சொல்ல வராது. அத்தான் இப்போது சோறு வைக்கிறாராம். முதல் நாள் அவரும் தண்ணீர் ஊற்றாமல் தட்டிவிட்டார். அவருக்கு எந்த நோயும் இல்லை.

5 ஏப்ரல்

பைலை எடுத்துப் பார்த்தேன். என் ஆப்பரேஷன் நவம்பர் 9. மேலே முதல் நாள் நவம்பர் 2 என்று எழுதியிருக்கிறேன். 2 என்பது மைலோ குடித்த நாள். அப்படியானால் நடுவில் ஏழு வாரம், ஆறு இல்லை. இரண்டு மாதமாக இத்தனை பேர் படித்தீர்கள், மைலோவால் ஒரு வாரம் தள்ளியது என்று நானே எழுதியும் ஒருத்தரும் கேட்கவில்லையே.

மேலே உள்ளதை அழிக்க மாட்டேன். கோடு அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, அக்காவுக்குப் புது 555 ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கடைப்பக்கம் வந்தால் வாங்கிக்கொள். 80 காசு, உன் கணக்கில் எழுதியாச்சு.